மில்லிசெக்கனில் வாசிப்பு: யாழ்ப்பாணத்திலிருந்து அறிகை உளவியலாளர் ஆவது

"உளவியல் படிக்கிறேன்" என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை சொன்னால், "அப்ப சீர்மியமோ?" (உளவளத்துணையோ) என்பதுதான் அடுத்த கேள்வி. கேட்பவரில் பிழையில்லை. போரும் இடப்பெயர்வும் 2004 சுனாமியும் கண்ட மண்ணில் இத்துறை வேர்விட்டது வைத்தியசாலைகளின் உளமருத்துவப் பிரிவுகளிலும் சீர்மிய நிலையங்களிலும்தான். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்களின் பணியோடு சேர்த்தே சனம் இதை அறிந்துகொண்டது. அறிகை உளவியல் அதே குடும்பப் பெயரோடு வருகிற வேறொரு தொழில். இங்கே நோயாளி இல்லை, ஆற்றுப்படுத்தலும் இல்லை. நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கணினித் திரைக்கு முன் இருத்தி, ஒரு சொல்லை அடையாளங்காண அவருக்கு எத்தனை மில்லிசெக்கன் ஆகிறது, வாசித்த பந்தியில் ஒரு கிழமை கழித்து எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளப்பதே நாளாந்த வேலை.

அளப்பதற்கு அளவுகோல் வேண்டும். இத்துறையின் அளவுகோல்களில் பெரும்பாலானவை ஆங்கில வாசகருக்காகச் செய்யப்பட்டவை. தமிழில் இறங்குபவரின் உழைப்பில் பெரும்பங்கு சொற்பட்டியல் கட்டுவதிலும் எழுத்தை எண்ணுவதிலும் போய்விடும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வருபவர்கள் நிலைத்து நிற்கிறார்கள்.

முதலில் கண். வாசிக்கும்போது கண் வரியின் மேல் சீராக ஓடுவதில்லை. தரித்துத் தரித்துப் பாய்கிறது. பாரிசில் லூயி எமில் ஜவாலின் ஆய்வுகூடத்தில் 1870களின் இறுதியில் இது கவனிக்கப்பட்டது. ஆங்கில வாசிப்பில் ஒரு தரிப்பு சராசரியாக 200 முதல் 250 மில்லிசெக்கன். ஒரு பாய்ச்சலுக்கு 20 முதல் 40 மில்லிசெக்கன், தூரம் 7 முதல் 9 எழுத்து. பாய்ச்சல்களில் 10 முதல் 15 சதவீதம் பின்னோக்கிப் போகிறவை. பாயும் கணத்தில் புதிதாக ஒன்றும் உள்ளே போவதில்லை.

கீத் ரெய்னரும் (1943–2015) ஜோர்ஜ் மக்கொங்கியும் 1975இல் ஒரு தந்திரம் செய்தார்கள். கண் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகளை மட்டும் விட்டுவிட்டு, மீதிப் பக்கத்தை அர்த்தமற்ற எழுத்துகளால் மறைத்தார்கள். கண் நகர நகர அந்த ஜன்னலும் கூடவே நகரும். ஜன்னல் எந்த அளவுக்குச் சிறுத்தால் வாசிப்பு தடுமாறத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். இம்முறையில் செய்த ஆய்வுகளின்படி ஆங்கில வாசகர் இடப்பக்கம் 3, 4 எழுத்தையும் வலப்பக்கம் 14, 15 எழுத்தையும் பயன்படுத்துகிறார். வலமிருந்து இடமாக எழுதப்படும் ஹீப்ருவில் 1981இல் இதைச் செய்தபோது பெரிய பக்கம் இடதுக்கு மாறிவிட்டது. பிறவியில் வந்த கண்ணின் எல்லையாக இருந்தால் அப்படி மாறியிராது. வாசித்துப் பழகிய திசைதான் கவனத்தை முன்னே இழுக்கிறது.

இந்த எண்களைத் தமிழுக்கு அப்படியே தூக்கி வர முடியாது. ஆங்கிலத்தில் மூன்று எழுத்துச் சிறுசொற்கள் வரிக்கு வரி வரும், அவற்றில் பலவற்றைக் கண் தாண்டிப் போய்விடும். தமிழில் அந்த வேலையை வேற்றுமை உருபும் இடைநிலையும் செய்கின்றன, அவை சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. "வீட்டுக்குள்ளிருந்து" என்பது நமக்கு ஒரே சொல். அதனால் "நிமிடத்துக்கு இத்தனை சொல்" என்ற கணக்கே மொழிக்கு மொழி ஒப்பிட உதவாது. ஆங்கிலத்தில் மௌனமாகக் கட்டுரை வாசிப்பவரின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 238 சொல் என மார்க் பிரைஸ்பேர்ட் 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். நம் பிள்ளை 150 சொல் வாசித்தால் அது மெதுவான வாசிப்பென்று சொல்ல இந்த எண் சான்றாகாது. நிமிடத்துக்கு ஆயிரம் சொல் என்று விளம்பரம் போடும் வேகவாசிப்பு வகுப்புகளைப் பற்றி ரெய்னரும் சகாக்களும் எழுதிய கட்டுரை, ரெய்னரின் மறைவுக்குப் பின் 2016இல் வெளிவந்தது: வேகம் கூடினால் விளக்கம் குறையும். காசு கட்டுவதற்கு முன் அதை ஒருமுறை யோசிக்கலாம்.

இனி ஒரு பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். தமிழில் "கே" என்று வாசிக்க ஒலியில் முதலில் வருவது மெய், கண்ணில் முதலில் படுவது கொம்பு. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி மூன்றும் மெய்யெழுத்துக்கு இடப்பக்கம் நிற்பவை. இது வாசிப்பைத் தாமதப்படுத்துமா? இந்தியில் குறில் இகரக் குறியும் இப்படியே இடப்பக்கம் நிற்கும். ஜோத்ஸ்னா வைத், அஷும் குப்தா இருவரும் 2002இல் அதை ஆராய்ந்திருக்கிறார்கள். தமிழில் செய்ய மலிவான வழி சொல் தீர்மானச் சோதனை: திரையில் ஓர் எழுத்துக்கோவை தோன்றும், அது சொல்லா இல்லையா என்று பங்குபற்றுபவர் ஒரு பொத்தானை அழுத்துவார்.

"கேணி", "காணி" என்ற சோடியைப் பாருங்கள். இரண்டும் ஈரெழுத்து, இரண்டிலும் முதல் உயிர் நெடில், குறி ஒன்றில் இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம். அகலமும் ஏறக்குறைய சமன். கச்சிதமான சோடி போலத் தெரியும். ஆனால் யாழ்ப்பாணத்துப் பத்திரிகையில் காணி வராத நாள் அரிது: காணி விடுவிப்பு, காணி உறுதி, காணிப் பிணக்கு. கேணி அப்படியல்ல. அடிக்கடி காணும் சொல்லை எவரும் விரைவாக அடையாளங்காண்பார். இத்துறையில் இதைவிட உறுதியான முடிவுகள் சிலவே. ஆகவே "காணி" வென்றால் அது குறி நின்ற பக்கத்தாலா, பழக்கத்தாலா என்று சொல்ல முடியாது. சோடியைக் கைவிட வேண்டியதுதான்.

பழக்கத்தை எண்ணாக்கச் சொல்வழக்குப் பட்டியல் தேவை: ஒரு மில்லியன் சொல்லுக்கு இச்சொல் எத்தனை முறை வருகிறது என்ற கணக்கு. அடிக்கடி வரும் சொற்களுக்கு ஒரு மில்லியன் சொல் கொண்ட தொகுப்பே போதும். அரிய சொற்களுக்கு 16 மில்லியன் அளவாவது வேண்டும் என்பது 2009இல் பிரைஸ்பேர்ட்டும் நியூவும் சொன்ன கணக்கு. சென்னைப் பத்திரிகைகளிலிருந்து எடுத்தால் "காணி" கீழே போய் "நிலம்" மேலே வரும், "கதைத்தான்" அரிய சொல்லாகத் தெரியும். நம் வாசகருக்கு அது பொய்க்கணக்கு. உள்ளூர்ப் பத்திரிகைகள், பாடநூல்கள், நூலகம் எண்ணிம நூலகத்தின் ஆவணங்கள் ஆகியவற்றிலிருந்து நாமே தொகுக்க வேண்டும். நூலகத்தில் இருப்பவற்றில் பெரும்பகுதி வருடிய பக்கங்கள். அவற்றை எழுத்துணரி மென்பொருளால் மாற்றும்போது "ர"வும் துணைக்காலும் ஒன்றுக்கொன்று இடம் மாறும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, னை வடிவங்கள் வேறெழுத்தாக வரும். இப்படிப் பிறக்கும் பிழைச் சொற்கள் பட்டியலின் அடிப்பகுதியை நிரப்பிவிடும். ஒருமுறை மட்டும் வரும் சொற்களை நம்பாமல் விடுவதும், மாதிரிக்குச் சில நூறு சொற்களைக் கையால் சரிபார்ப்பதும் வழக்கம்.

அடுத்தது நீளம். "யாழ்ப்பாணம்" ஆறு எழுத்து. பைத்தன் என்ற நிரல்மொழியில் அதன் நீளத்தைக் கேட்டால் 11 என்று வரும், ஏனெனில் ஒருங்குறியில் துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். இது தெரியாமல் "நீளத்தைச் சமப்படுத்தினோம்" என்று எழுதினால் புள்ளி கூடிய சொற்களெல்லாம் நீளச் சொற்களாகிவிடும். உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணும் சிறு நிரலை எழுதிக்கொள்ள வேண்டும், கூடவே திரையில் சொல் பிடிக்கும் அகலத்தைப் பிக்சலில் பதிய வேண்டும். "ன"வும் "ஞ"வும் ஒரே இடம் பிடிப்பதில்லை.

சொல்லல்லாத கோவைகளைச் செய்வதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குவார்கள். "ழ"விலோ "ண"விலோ தொடங்கினால் முதலெழுத்தைக் கண்டதுமே இது சொல்லில்லை என்று அழுத்திவிடலாம். மிச்சத்தை வாசிக்கத் தேவையில்லை. உண்மைச் சொல்லொன்றில் ஓரெழுத்தை மாற்றுவதே நல்ல வழி. அதிலும் "ழ"வை "ள" ஆக்கினால் வேறு சிக்கல். யாழ்ப்பாணப் பேச்சில் இரண்டும் பெரும்பாலும் ஒரே ஒலி. "கிளமை" என்று காட்டினால் காதில் கிழமை கேட்கும், பதில் பிந்தும். "வாழை"யை மாற்றினால் "வாளை" என்று மீனே வந்து நிற்கும்.

அளவுகள் இவ்வாறு அமையலாம்: இடப்பக்கக் குறியுள்ள 40 சொல், மற்றது 40, சொல்லல்லாதவை 80. பங்குபற்றுபவர்கள் 40 பேர். 40 பேர் 40 சொல்லைப் பார்த்தால் ஒவ்வொரு சொல்வகைக்கும் (நிலைமைக்கும்) 1600 பதில்; பதில்நேர ஆய்வுக்குக் குறைந்தது இவ்வளவாவது வேண்டும் என்பது 2018இல் பிரைஸ்பேர்ட், ஸ்டீவன்ஸ் இருவரும் தந்த வழிகாட்டல். நடுவே 500 மில்லிசெக்கனுக்கு ஒரு கூட்டல் குறி, பிறகு சொல், அதிகபட்சம் 2000 மில்லிசெக்கன். பத்துப் பயிற்சி முயற்சிகள், பிறகு 160 உண்மை முயற்சிகள், நடுவில் ஓர் ஓய்வு. பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வரிசை ஒவ்வொருவருக்கும் மாற வேண்டும். மென்பொருளுக்குச் செலவில்லை, சைக்கோபை இலவசம். தமிழ் எழுத்துக்கோப்பு சரியாக வேலை செய்யாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பரிசோதனைக்கு அதைவிடக் கேடு வேறில்லை. ஒவ்வொரு சொல்லையும் படமாகச் சேமித்துக் காட்டிவிடுவது பாதுகாப்பு.

தேடும் வித்தியாசம் 20 மில்லிசெக்கனாக இருக்கலாம். 60 ஹேர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெக்கனுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும், சாதாரண விசைப்பலகையும் சில மில்லிசெக்கன் பிந்தும். எல்லாருக்கும் ஒரே கணினி என்றால் இந்தத் தாமதம் இரு நிலைமைக்கும் சமமாகப் போய்க் கழிபடும். ஆனால் ஆட்களை இரு குழுவாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வில், காலையில் வந்த குழுவை ஒரு மடிக்கணினியிலும் பின்னேரம் வந்ததை இன்னொன்றிலும் இருத்தினால், கிடைத்த வித்தியாசம் கணினிகளுடையதாகக்கூட இருக்கும். மின்வெட்டு வந்து பாதியில் நின்ற அமர்வை மீண்டும் தொடரக் கூடாது. சொற்களை ஏற்கெனவே கண்டுவிட்டார், அவருடைய தரவைக் கைவிட்டுப் புதியவரைச் சேர்க்க வேண்டும். 200 மில்லிசெக்கனுக்குக் குறைந்த பதில் வாசித்து அழுத்தியதாக இராது, நீக்கலாம். நீக்கும் விதி தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். 2015இல் உளவியல் ஆய்வுகள் நூறைத் திரும்பச் செய்து பார்த்தபோது ஏறத்தாழ 36 சதவீதத்தில்தான் பழைய முடிவு புள்ளிவிவரப்படி தேறியது. அதன் பிறகு, இப்படி விதிகளை முன்கூட்டியே பதிந்து வைக்காத ஆய்வை மதிப்பீட்டாளர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார். பகுப்பாய்விலும் ஆட்களின் வேறுபாட்டோடு சொற்களின் வேறுபாட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஹேர்பேர்ட் கிளார்க் 1973இலேயே இதை வலியுறுத்தினார். இன்று ஆர் (R) என்ற புள்ளிவிவர நிரல்மொழியில் கலப்பு மாதிரிகள் அந்த வேலையைச் செய்கின்றன.

கண்ணசைவு பதியும் கருவி வேறு கதை. செக்கனுக்கு 1000 முறை பதியும் தரமான கருவிக்குப் பல்லாயிரம் டொலர் வேண்டும். இணையக் கமெராவை வைத்துச் சமாளிக்க நினைப்பவர்கள் உண்டு. செக்கனுக்கு 30 படம் என்றால் 33 மில்லிசெக்கனுக்கு ஒன்று. 230 மில்லிசெக்கன் தரிப்பில் 15 மில்லிசெக்கன் வித்தியாசம் தேடுபவருக்கு அது பயன்படாது. கருவி கிடைத்தாலும் அறை ஒத்துழைக்க வேண்டும். அது அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வதால் நேரே விழும் வெயில் அதைக் குழப்பும், கண்மை கருமணியென்று நினைக்க வைக்கும், கண்ணாடி வில்லை ஒளியைத் திருப்பியடிக்கும். நாடி தாங்கியில் நாடியை வைக்கச் செய்து, ஒன்பது புள்ளிகளைப் பார்க்கச் சொல்லி, பிழை அரைப் பாகைக்குள் வரும்வரை திரும்பத் திரும்ப அளவுதிருத்த வேண்டும். அரைப் பாகை பிழைத்தாலே கண் பக்கத்து எழுத்தில் நின்றதாகப் பதிவாகலாம். தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை: கருவிக்குக் காத்திராமல், சொல் சொல்லாகப் பொத்தானை அழுத்தி வாசிக்கும் முறையிலும் சொல் தீர்மானத்திலும் முதல் இரண்டு மூன்று ஆய்வுகளைச் செய்துவிடுங்கள்.

ஞாபக ஆய்வுக்குக் கருவி இன்னும் குறைவு, பொறுமை கூடுதல். ஹேர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து 1885இல் வெளியிட்ட கணக்கில், அர்த்தமற்ற அசைகளை மீண்டும் படிக்கும்போது மிச்சமாகும் உழைப்பு 20 நிமிடத்தில் 58 சதவீதம், ஒரு நாளில் 34, ஒரு மாதத்தில் 21. வீழ்ச்சியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. அர்த்தமுள்ள பந்தி இவ்வளவு வேகமாகப் போகாது, ஆனால் சொற்கள் போய்விடும். ஜாக்குலின் சாக்ஸ் 1967இல் காட்டியபடி, 80 அசை தாண்டியதும் வாக்கியத்தின் கருத்து நிற்கிறது, அமைப்பு மறைகிறது. செய்யுள் இதற்கு விலக்கு. தேவாரத்தைப் பாடமாக்கிய பிள்ளைக்கு எதுகையும் மோனையும் அடுத்த அடியின் தொடக்கத்தை எடுத்துக் கொடுக்கின்றன. கந்தபுராண படனத்தில் ஒருவர் பாட்டை வாசிக்க மற்றவர் பயன் (பொருள்) சொல்வதையும் ஞாபக ஆய்வாளர் ஆர்வத்தோடு கவனிக்கலாம்: சொல்லுருவும் கருத்தும் இரு வாயில் பிரிந்து நிற்கின்றன.

பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு நேரே உதவும் முடிவு ரோடிகர், கார்ப்பிக் இருவரின் 2006 ஆய்வு. ஒரு குழு பந்தியை இருமுறை படித்தது. மற்றது ஒருமுறை படித்து, பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது இருமுறை படித்தவர்கள் முன்னணி: 81க்கு 75 சதவீதம். ஒரு கிழமை கழித்து 42க்கு 56 என்று தலைகீழ். ஐந்து நிமிட வெற்றியைத்தான் படிப்பவர் உணர்கிறார், அதனால்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். இங்கே கடந்தகால வினாத்தாள் செய்யாத உயர்தர மாணவர் இல்லை, ஆனால் பலர் விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்கிறார்கள். அப்போது அது இன்னொரு வாசிப்புத்தான். இடைவெளிக்கும் கணக்குண்டு. செப்பீடாவும் சகாக்களும் 2008இல் கண்டபடி, ஒரு கிழமையில் சோதனை என்றால் மீட்டலுக்கு ஏற்ற இடைவெளி அந்தக் காலத்தின் 20 முதல் 40 சதவீதம், ஒரு வருடத்தில் என்றால் 5 முதல் 10. அதாவது உயர்தரத்துக்கு ஒரு வருடம் இருக்கையில் ஒரு பாடத்தை மூன்று, ஐந்து கிழமை கழித்து மீட்டுவது நல்லது. ரியூசன் அட்டவணை எதுவும் இப்படிப் போடப்படுவதில்லை.

படிப்புப் பாதை நீளம். உள்ளூர் உயர்தரப் பாடத்திட்டத்தில் உளவியல் தனிப்பாடமாக இல்லை. கணிதப் பிரிவிலிருந்து வருபவருக்குப் புள்ளிவிவரம் இலகு, கலைப்பிரிவிலிருந்து வருபவருக்கு மொழி இலகு, இரண்டும் வேண்டும். பேராதனையில் உளவியலுக்கெனத் துறையுண்டு. மொழியியல், கல்வியியல், கணினி விஞ்ஞானம் வழியாக வந்தவர்களும் இத்துறையில் இருக்கிறார்கள். நாலு வருடச் சிறப்புப் பட்டத்தின் கடைசி வருட ஆய்வேட்டைச் சொந்தத் தரவோடு செய்தவருக்கும் வினாக்கொத்து நிரப்பியவருக்கும் கலாநிதிப் பட்ட விண்ணப்பத்தில் பெரிய வித்தியாசம் தெரியும். பிரித்தானியாவில் கலாநிதிப் பட்டம் 3, 4 வருடம். அமெரிக்காவில் பாடநெறியோடு சேர்த்து 5, 6. பக்கத்தில் அலகாபாத், ஹைதராபாத் பல்கலைக்கழகங்களில் அறிகை விஞ்ஞான மையங்கள் உண்டு. இந்திய எழுத்துமுறைகளில் வேலை செய்பவர்களோடு பேச அது வசதி. நாடு திரும்பினால் விரிவுரையாளர் பதவிதான் பிரதான வழி, அங்கே கற்பித்தல் சுமை ஆய்வு நேரத்தை விழுங்கும். மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். பாடசாலை என்றால் கல்வித் திணைக்கள அனுமதியும் பெற்றோர் சம்மதமும் சேரும்; மூன்றாம் தவணையில் பரீட்சைக் காலத்தில் எந்த அதிபரும் வகுப்பை விடமாட்டார், திட்டத்தை முதல் தவணைக்கு வையுங்கள்.

வேலை உண்மையில் காத்திருக்கும் இடம் சிறுவர் வாசிப்பு. ஆங்கில வாசிப்பு இடர்ச் சோதனையை மொழிபெயர்த்துக் கொடுப்பது இங்கே அடிக்கடி நடக்கிறது, அது சரிவராது. ஆங்கிலச் சோதனை ஒழுங்கற்ற எழுத்துக்கூட்டலில் பிள்ளை விடும் பிழையைத் தேடும். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் தொடர்பு பெரும்பாலும் ஒழுங்கானது, ஆனால் கற்கவேண்டிய உருவங்கள் 247. கன்னடத்தில் சோனாலி நாக் 2007இல் காட்டியபடி இவ்வகை எழுத்துகளைக் கைவசப்படுத்துவது ஆரம்ப வகுப்புகள் பலவற்றுக்கும் நீளும். எனவே தமிழில் பின்தங்கும் பிள்ளையைப் பிழையைவிட வேகம் காட்டிக்கொடுக்கக்கூடும். கடிகாரம் இல்லாத சோதனை அவரைத் தவறவிடும்.

மதிப்பிடும் விதியையும் முன்பே தீர்மானிக்க வேண்டும். தாளில் "வருகிறேன்" என்றிருக்க, பிள்ளை "வாறன்" என்று வாசிக்கிறது. எழுத்தை எழுத்தாக ஒலிக்கவில்லை, எனவே ஒலிப்புக் கணக்கில் பிழை. கருத்தைப் பிடித்துத் தன் வீட்டுப் பேச்சில் திருப்பிச் சொல்லிவிட்டது, எனவே விளக்கக் கணக்கில் சரி. எழுத்து மொழியும் வீட்டு மொழியும் விலகி நிற்கும் அரபு மொழியில் எலினோர் சாயெக்-ஹடாட் இதே சிக்கலில் நீண்டகாலம் உழைத்திருக்கிறார். புள்ளித்தாளில் இரண்டு நிரல் போட்டு இரண்டையும் தனித்தனியே பதிவதுதான் நடைமுறைத் தீர்வு. சோதிப்பவர் இருவர் ஒரே ஒலிப்பதிவைத் தனித்தனியே கேட்டுப் புள்ளியிட்டு, உடன்பாடு எவ்வளவு என்று கணக்கிட்ட பிறகே வகுப்பறைக்குள் போகலாம். கோப்பாய்க் கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஆசிரியர்களைக் கொண்டு இதைச் செய்யலாம்: ஒலிப்பதிவுக்கு ஒரு கைத்தொலைபேசியும் இருபது பிள்ளைகளின் வாசிப்பும் இருந்தால் விதிகள் எங்கே உடைகின்றன என்பது தெரிந்துவிடும்.